பூவோடு வந்த செடி

மைனி, இன்றைக்கு ஒரு பீஸ் லில்லிச் செடி வாங்கி வந்திருக்கிறேன். கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்து நர்சரியில்தான். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, தொட்டியிலிருந்து நனைந்த தேங்காய் நார்த்தூளின் வாடை வழியெல்லாம் ஏறிக்கொண்டே வந்தது. வந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் மூன்று இடம் மாற்றிவிட்டேன். ஜன்னலோரம் வெயில் கூடுதலோ, உள்ளே இருட்டோ என்று ஒரே தவிப்பு. "வெள்ளம் கூடிப்போகருது கேட்டோ சேச்சி, வேரு சீஞ்ஞு போகும்" என்று நர்சரிக்காரர் மலையாளத்தில் எச்சரித்துத்தான் அனுப்பினார். தண்ணீர் கூடினால் வேர் அழுகும் என்று எனக்கா தெரியாது?

அன்றும் இதே வாடைதான். நீங்களும் அண்ணனும் உங்கள் ஆபரேஷனுக்காக நாகர்கோவில் போனபோது, கீழ் ஃபிளாட்டில் இருந்த என்னிடம் உங்கள் செடியை விட்டுவிட்டுப் போனீர்கள். "வாரத்துக்கு ரெண்டு தடவ, வெரல விட்டுப் பாத்துட்டு ஊத்து, போதும்" என்றீர்கள். எனக்குப் போதுமா? அண்ணன் போனை எடுக்கத் தாமதித்தால் ஒரு குவளை ஊற்றினேன். "இன்னும் மயக்கம் தெளியல" என்று அவர் சொன்ன அன்று நான்கு குவளை. பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சளாகித் தொய்ந்தது. தண்டைத் தொட்டால் கையோடு வந்தது.

நீங்கள் திரும்புவதற்கு முந்தின நாள் நர்சரிக்கு ஓடினேன். அதே ஜாதிச் செடியை வாங்கி உங்கள் தொட்டியிலேயே வைத்தேன். அதில் ஒரு வெள்ளைப் பூ இருந்தது. கிள்ளி எறிந்திருக்கலாம், மனம் வரவில்லை.

மெல்ல நடந்து வந்து, இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, மூணு வருசமா எனக்குப் பூக்காத செடி! உன் கைராசிதான்."

அதோடு விட்டீர்களா? லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் கைராசியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனீர்கள். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று எனக்கு இரண்டு வருடம் ஓடியது. போன ஆடியில் நீங்களே இல்லாமல் போனீர்கள்.

போன வாரம் அண்ணன், "கைராசிக்காரி, அந்தச் செடிய நீயே எடுத்துக்கோ" என்றபோது தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவளுக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. அவ செடியில இஸ்திரிப்பெட்டி சுட்ட இலை ஒண்ணு உண்டு. அதத் தேடுனா, இல்ல. 'ஒண்ணும் கேட்டுராதீங்க, பிள்ள பயந்து போய்க் கெடக்கா'ன்னு என் வாய அடைச்சிட்டா."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, மைனி. உங்கள் மேல் கோபமாகக்கூட வருகிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே உங்கள் மடியில் விழுந்து அழுது தீர்த்திருப்பேனே. அந்தச் செடி அண்ணனிடமே இருக்கட்டும் என்றுவிட்டேன். இன்று பூவே இல்லாததாகப் பார்த்து இதை வாங்கினேன். இது ஒரு பூ விட்டால், நீங்கள் ஊரெல்லாம் சொன்ன பொய் பொய்யில்லாமல் போகும்.

குவளை கையில்தான் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன், ஈரம்தான். "ஏட்டி, அதுக்குத் தண்ணி வேணுமா, உனக்கு வேல வேணுமா?" என்று எப்போதும் கேட்பீர்களே.

எனக்குத்தான், மைனி. குவளைத் தண்ணீரை நானே குடித்துவிட்டு, செடியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.