பின்னால் வந்த வெளிச்சம்

ஜனவரி 20, செவ்வாய்

நாங்கள் இருக்கும் இந்தக் குளிர் ஊரான கிரின்ஸ்டெட்டில் ஒருவர் மழைக்குள் தெருவோரம் ஓடினால், கார் பழுதாகிவிட்டது என்றுதான் எங்கள் தமிழ் ஆட்கள் நினைப்பார்கள். இன்று நான் ஓடும்போது மழையோடு ஆலங்கட்டியும் விழுந்தது. பாதியில் விட்டுவிடலாம் என்று நான் நின்ற நேரம், வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா காரை நிறுத்தினார்.

"கார் பழுதோ? ஏறும் பிள்ளை."

ஏறத்தான் ஆசை. வாய் வேறு சொன்னது. "இல்லை அக்கா, மரதன் ஓட்டப் போட்டிக்குப் பழகுறன்."

"இந்த இருட்டுக்கையோ? அப்ப நீர் ஓடும். நான் பின்னால வெளிச்சம் போட்டுக்கொண்டு வாறன்."

இனி எப்படி நிற்பது? நான் தளர்ந்தபோதெல்லாம் ஹோர்ன் அடித்தார். சிரித்துச் சிரித்தே வீடுவரை ஓடினேன். குளிர் தெரியவேயில்லை.

"நாளைக்கும் இதே நேரந்தானே?" என்று வாசலில் கேட்டார்.

"ஓம்" என்றுவிட்டேன்.

ஓடி நனைந்த சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குள் காய்ந்துவிட வேண்டும்.