அபர்தீனிலிருந்து வந்த சொல்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
9.2.2002

அன்புள்ள கணவருக்கு ஃப்ளோரன்ஸ் எழுதுவது. அபர்தீனில் குளிர் எப்படி இருக்கிறது? முதலாளி சம்பளமும் தராமல் உங்களைக் கப்பலோடு அங்கே கைவிட்டு ஒன்பது மாதமாகிறது. அவன் நாசமாய்ப் போக.

கிரேன் ஓட்டும் அந்த ஊர்க்காரர் சொல்லிக்கொடுத்த சொற்களை எழுதியிருந்தீர்கள். விடாத தூறலும் இருட்டுமாக இருந்தால் 'ட்ரீக்', அலுத்துப்போனால் 'ஸ்கன்னர்ட்'. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்காவிடம் சொன்னேன். "நம்ம பேஜாருதாம்மே அது" என்றார்.

நம் மகள் பிறந்தபோது நீங்கள் எழுதிய சொல்தான் கல்மண்டபம் ஏரியா முழுக்கப் பரவியது. குழந்தையை அங்கே 'பெய்ர்ன்' என்பார்கள், நான் வந்துதான் ஞானஸ்நானம், மனசில் ஒரு பெயர் இருக்கிறது, கோயிலில்தான் சொல்வேன், அதுவரை இப்படிக் கூப்பிடு என்றீர்கள். மீன்காரம்மாகூட "பெய்ர்னு பால் குட்ச்சிதா?" என்று கேட்பாள். ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடாதே என்று ஃபாதர் இரண்டு முறை சொல்லியனுப்பினார். உங்கள் பேச்சைத் தட்ட மனசு வரவில்லை. பாவி நான்.

மூன்று வாரமாக உங்களுக்குப் பொய் எழுதினேன். குப்புற விழுகிறாள், சிரிக்கிறாள் என்றெல்லாம். ஜனவரி பதினெட்டாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு இழுத்தது. அக்காவும் நானும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மடியிலேயே அவள் உடம்பு சில்லிட்டுக்கொண்டு வந்தது. "இன்னாமே பாத்துகினு கீற, உங்க சாமி தண்ணிய ஊத்து" என்று அக்கா அதட்டினார். ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் படித்தது அப்போதுதான் நினைவு வந்தது. டிரைவரின் பாட்டில் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினேன். முதலில் பெயரைச் சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிந்தது நீங்கள் எழுதிய அந்தச் சொல் ஒன்றுதான். அதைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று முடித்தேன். லாரிகள் நகர்வதற்குள் போய்விட்டாள்.

ஃபாதர் கோபிக்கவில்லை. கோயில் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். சிலுவையிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். இது எந்தப் புனிதரின் பெயர் என்று கல்லறைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான் எழுந்து வந்துவிடுகிறேன்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய்யாகிவிடும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தனியாக மேல்தளத்தில் போய் நிற்க வேண்டாம், உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

இனிப் புதுச் சொல் எதுவும் வேண்டாம். மனசில் வைத்திருந்த பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒரு தடவையாவது அவளை அப்படிக் கூப்பிட்டு அழ வேண்டும்.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்