மறியல் வாரத்தில் நீ விட்டது

மச்சான்,

கிரகணம் பார்க்க வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் தேடினார்கள். கிடைத்தது உன் மண்டை ஸ்கேன். பிடுங்கி வைத்துக்கொண்டேன். கிரகணம் முடிந்தும் அதை உறையில் போட மனம் வரவில்லை.

ஊரில் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீ போனது சாராயமும் தூக்க மாத்திரையும் செய்து வைத்த சேதத்தால். சாராயம் போதாமல் போனபோது மாத்திரையைச் சேர்த்துக்கொண்டாய். அப்போதும் வெள்ளிமலையிலிருந்து நீ வியாபாரத்துக்கு இறக்கும் கடுக்காயை உடைக்காமலே, எது புழு விழுந்தது என்று சொல்லிவிடுவாய். உன் வார்த்தையை நம்பியே லாரி ஏற்றியிருக்கிறேன்.

இட ஒதுக்கீட்டு மறியலில் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, சாராயம் வரவில்லை, மருந்துக்கடையும் பூட்டு. என் கிடங்குக்கு வந்து நீயே சொன்னாய்: "இதான் மச்சான் நேரம். ரோடு தொறக்கறதுக்குள்ள ரெண்டையும் வுட்டுடுறேன்." உன் பெண்சாதி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். இரண்டையும் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்வையில் மெள்ளக் குறைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? உனக்கு வலிப்பு வந்தது. கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறியலில் நின்றவர்களே மரத்துக்கு மேலே ஏற்றி இறக்கித் தோள் கொடுத்தார்கள்.

பிறகு பாண்டிச்சேரி டாக்டர் இந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி கூடாதாம். மூளை சுருங்கியிருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சேதம் ஜாஸ்தி என்றார். இனித் தொடாவிட்டால் கொஞ்சம் தேறலாம், முழுசாகத் திரும்பாதாம்.

நீ தொடவில்லை. அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் வலிப்பு விடவில்லை. காலையில் தின்றது மதியம் தெரியாது. விட்டுப்போன இடத்தையெல்லாம் மூளை தானாக நிரப்பிக்கொண்டது. வாசலைத் தாண்டாத நாளிலும், "இப்பத்தான் வெள்ளிமலையிலேர்ந்து எறங்கிக்கினு வரேன்" என்பாய். நான் திருத்தினால் உன் முகம் செத்துப்போகும். உன் பெண்சாதிதான் ஒருநாள் சொன்னாள்: "வுடுங்கண்ணா. அவரு யாவாரியாவே இருந்துட்டுப் போவட்டும்."

இப்போது கிடங்கில் எவனாவது போதைக்கு அடிமை என்று தெரிந்தால், உடனே நிறுத்தடா என்று நான் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது.

கடைசியாக நீ பேசியதும் சரக்குதான், இல்லாத சரக்கு. "இன்னா மச்சான், சாமை இருக்குது, எடுத்துக்கிறியா?" படுத்தபடியே கேட்டாய். கம்மி விலைக்குக் கேட்டு இழுத்துப் பேசினேன். சும்மா தலையாட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். உனக்கு முகம் தெளிந்தது. பேசி முடித்தோம்: சாமை பத்து மூட்டை, மூட்டை நூற்றைம்பது, ஜீப் வாடகை என்னுடையது, பணம் சரக்கு இறங்கியதும்.