ஜன்னலோரம் நிற்கும் வண்டிகள்

ஐப்பசி 12, திங்கள். காலையில் பனி.

நோட்டே, பொறுத்துக்கொள். எழுத்து ஒன்று மலை மாதிரி, ஒன்று கடுகு மாதிரி. 'ழ' போடும்போது கை கோட்டுக்குக் கீழே வழுக்கிவிடுகிறது. இந்த வயதில் பிடித்த பென்சில். வீட்டு விஷயத்தையே எழுதுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்றார் மாலை வகுப்பு டீச்சர். சரி, வீட்டு விஷயம்.

மகள் செல்வி மெஸ் நடத்துகிறாள். ஓசூரில், கம்பெனிகளுக்குப் பின்னால் உள்ள தெரு. மதியம் களி, கீரைக் கடைசல், கோழிக் குழம்பு. ஷிப்ட் விட்டதும் பைக்குகள் வந்து குவியும். கடை முன்னால் இடம் போதாது. எதிர் வீட்டுச் சுவரோரம் போய் நிற்கும். அங்கே நிறுத்த முறையாக அனுமதி கேட்டு மாநகராட்சியில் மனு. தெரு முழுக்க எதிர்ப்பு. எல்லோருக்கும் முன்னால் எதிர் வீட்டுக் கௌரம்மா. "வூட்டுல இருக்க முடியல, ஒரு வண்டியும் வேணாம்" என்று ஒரே பேச்சு.

மெஸ் கட்டடத்தின் சொந்தக்காரர் நேற்று வந்தார். "சண்டை ஓயலன்னா தை மாசம் காலி பண்ணிக்கோம்மா." இரவு செல்வி சாப்பிடவில்லை. மருமகன் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு அந்த அடுப்புதான் ஆதாரம்.

செவ்வாய். வெயில்.

விசில் வாங்கினேன். இன்று முதல் வண்டி ஒழுங்கு என் பொறுப்பு. தாறுமாறாக நிற்பதால்தான் கோபம் என்று நினைத்தேன்.

நான் விசில் ஊதவே வேண்டியிருக்கவில்லை. கம்பெனிப் பிள்ளைகள் வண்டியைத் திருப்பி, பின்சக்கரம் சுவரைத் தொட, முன்சக்கரம் தெருவைப் பார்க்க, வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எப்படியப்பா என்றேன். திருநெல்வேலிப் பையன் சுடலை சிரித்தான்.

"கம்பெனில இப்படித்தான் தாத்தா நிறுத்தச் சொல்லுவாவ. தீப்பிடிச்சா நேரா வெளிய ஓடணும்லா."

"இங்க என்னத்துக்குப்பா ஓடப் போற?"

"உங்க மக வைக்கிற காரத்துக்குத்தான்!"

வரிசை பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு முறை நடந்து பார்த்தேன்.

புதன். மேகம்.

கௌரம்மா நேற்றைவிடக் கோபம். தெலுங்கில் திட்டு, முடிவில் தமிழில் ஒன்று: "வேணும்னே பண்றீங்க!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு ஒழுங்காக நிறுத்தியும்?

இன்னும் நெருக்கிச் சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொன்னேன்.

சனிக்கிழமை ஆபீசர் பார்க்க வருகிறாராம். அக்கம்பக்கம் சம்மதித்தால்தான் அனுமதி. செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல்.

தக்காளி ராயக்கோட்டையிலிருந்து வந்தது. பாதி காய்.

வியாழன். தூறல்.

மனசு கேட்கவில்லை. தூக்கில் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு கௌரம்மா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று பார்த்தால், "ஊட்டா ஆய்தா அண்ணா?" என்றாள். சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில். எங்கள் தெருவில் ஒருவருக்கு மூன்று பாஷை.

உள்ளே தெருவோர ஜன்னலுக்குக் கீழே கட்டில். அவள் வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் மாதிரி. பேச்சு ஆரம்பிப்பதற்குள் மெஸ்ஸில் சாப்பாடு முடிந்தது. வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஸ்டார்ட் ஆயின.

அப்போதுதான் பார்த்தேன். சைலன்சர் அத்தனையும் அந்த ஜன்னலுக்கு நேராக. அறை முழுக்கப் புகை. அவர் இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கௌரம்மா முந்தானையால் விசிறினாள்.

"இடத்துக்கா அண்ணா நான் சண்டை போடறேன்? இதுக்குத்தான்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்ல வுட்டீங்களா? நான் வாயத் தொறந்தா உங்க மக நாலு பேச்சு பேசறா."

அதுவும் உண்மைதான்.

நான் வரிசை பார்த்து மகிழ்ந்த நேரமெல்லாம் இவர் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். தூக்கை வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி. மழை விட்டது.

புது ஏற்பாடு. முன்சக்கரம் சுவரைப் பார்க்க வேண்டும். ஜன்னல் எதிரே ஒரு வண்டியும் இல்லை. கிளம்பும்போது தெரு முக்கு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட். பிள்ளைகள் முனகினார்கள்.

"தின்ன களி தள்ளியே செரிச்சிரும் தாத்தா."

"செரிச்சா இன்னொரு உருண்டை வாங்கு." செல்வி உள்ளேயிருந்து. எத்தனை நாளைக்குப் பிறகு அவள் கேலி!

பழக்கதோஷத்தில் சுடலை திருப்பியே நிறுத்தினான். இன்றுதான் விசிலுக்கு வேலை.

சனி. நல்ல வெயில்.

ஆபீசர் வந்தார். தெருக்காரர்கள் கூடி நின்றார்கள். யாருக்கு ஆட்சேபணை என்று கேட்டார். எல்லோரும் கௌரம்மாவைப் பார்த்தார்கள். செல்வி கரண்டியோடு வாசலில்.

கௌரம்மா முன்னால் வந்தாள். "என் ஜன்னல வுட்டுட்டு அந்தாண்ட கோடு போடுங்க சார். இந்தப் பெரியவரு நின்னு பாத்துக்கணும். இவரு இல்லாத அன்னிக்கு வண்டியும் இல்ல."

இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "உன் வூட்டுக்காரனா இருமறான்?" என்று அவர்களையும் அடக்கிவிட்டாள்.

ஆபீசர் ஒத்துக்கொண்டார். கூட வந்தவர்கள் சுண்ணாம்பில் கோடு போட்டுப் போனார்கள்; பெயிண்ட் பிறகு.

ஜனம் கலைந்ததும் செல்வி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "நைனா, பசிக்குது" என்றாள். நானே களி உருட்டிப் போட்டேன். இரண்டு உருண்டை சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விரல் மரத்துவிட்டது. வேலையும் சேர்ந்துகொண்டது. இனி எழுத்து வாரம் ஒரு தரம்தான். வருகிற சனிக்கிழமை பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவேன்.