கல்பனாவின் மிஷினும் அப்பாவின் கன்னமும்

அன்பு மகள் கல்பனாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். புனேயில் குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய், போனை எடுத்தாலே உன் அப்பா பிடுங்கி எல்லாம் சூப்பர் என்று சொல்லி வைத்துவிடுகிறார், நான் என்ன செய்ய.

நீங்கள் ஆபீசில் செய்த லேசர் மிஷின், வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் புற்றுநோய்க்கு அறிகுறி இருக்கிறதா என்று படம் காட்டுமே, அது போன வாரம் ஜமுனாமரத்தூர் முகாமுக்கு வந்தது. அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. என் பொண்ணு பண்ண மிஷினு என்று சந்தைக்கு வந்த சனத்தையெல்லாம் இழுத்துவந்து வரிசையில் நிறுத்தினார், கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டேதான். முகாமைத் திறக்க வந்த பெரிய மனுஷர் ஜீப்புக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்து, புகையிலையின் தீமை பற்றி மைக்கை விடாமல் பேசினார். பக்கத்துக் கொல்லை ராஜாக்கண்ணுவுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அவன் நேரே எதிர்க்கடைக்குப் போய்ப் புகையிலைப் பொட்டலம் வாங்கினான். இன்னாய்யா இது என்றேன். உள்ள கீறத எல்லாம் லேசரு சுட்டுடுச்சிக்கா, இன்னமே ஒண்ணும் வராது என்கிறான். இது பார்க்கிற வெளிச்சம்தான், வைத்தியம் இல்லை என்று டாக்டரம்மா கோகிலவாணி தொண்டை வற்றக் கத்தினார். அன்றைக்கு அந்தக் கடையில் சரக்கு தீர்ந்துபோனது.

கடைசியில் அப்பா முறை வந்தது. விரதம் என்றார், பல் கூசுகிறது என்றார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை, டாக்டரம்மாவின் இரண்டு விரல்தான் நுழைந்தது. குழம்பில் காரம், குழம்பில் காரம் என்று ஆடியிலிருந்து என்னைத் திட்டினாரே, காரம் என் குழம்பில் இல்லை கல்பனா. நல்ல சதை பச்சையாக ஒளிருமாம், இவருக்கு இடது கன்னத்தில் ஓர் இடம் கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பெல்லாம் புற்று ஆகாது, வேலூருக்குப் போய்ச் சின்னத் துண்டு சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீங்க என்றார் டாக்டரம்மா. அந்த நிமிஷமே அப்பா கணக்கில் உன் மிஷின் பழுதாகிவிட்டது. காலீலேர்ந்து ஊரு வாயெல்லாம் பாத்து சூடேறிப்போச்சு, அதான் கறுப்பா காட்டுது என்கிறார். சாமை அறுக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். சாமை அறுத்து மூட்டை கட்டி வீட்டில் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. இப்போதெல்லாம் கஞ்சியைக்கூட ஆறவைத்து, நான் பார்க்காதபோது திரும்பி உட்கார்ந்து குடிக்கிறார்.

நேற்று அழுதே கேட்டேன். அவ செஞ்ச மிஷினு, அவளே வந்து பாத்து சொல்லட்டும், அப்ப போறேன் என்றார். நீ வரமாட்டாய் என்ற தைரியத்தில்தான் சொன்னார். மூன்று பொங்கலாக வேலை இருக்கும்மா என்று நீயும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இதுவும் உன் வேலைதான், வா.

வேளைக்குச் சாப்பிடு. வேடியப்பன் உன்னைக் காப்பான். காட்பாடிக்கு டிக்கெட் எடுத்ததும் எனக்கு மட்டும் சொல், அப்பாவுக்குத் தெரிந்தால் நீ வந்து சேர்வதற்குள் வேறு சாக்கு கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாதம்மாள்