மருதை உதாரணம்

பழனிசெட்டிபட்டி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஜாய்ஸ் அக்காவுக்கு ஜெபமணி எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நாக்பூரில் மகள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

வெள்ளிக்கிழமை நம் பள்ளியில் விழா. தாளாளர் மகன் இனியன் ஆங்கிலத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டானாம். ஆள் உயர மாலை, வாசல் முழுக்க ஃபிளெக்ஸ், பிரியாணி. த்தூ! ஒரு பாராவைத் திக்காமல் வாசிக்கத் தெரியாதவன், பழைய ஆங்கிலச் சொற்களைப் பற்றி அரைமணி நேரம் முழங்கினான். ஆங்கில பைபிளில் வரும் 'ராட்' (wrought) என்பது 'வொர்க்' (work) என்ற வினையின் பழைய இறந்தகாலமாம். முதலில் 'வொர்ஹ்தே' என்று இருந்து, நடுவில் இருந்த ரகரம் முன்னால் தாவிவிட்டதாம். நம் ஜனங்கள் மதுரையை மருதை ஆக்கின மாதிரி என்றான். ஒரே கைதட்டல்.

அது உங்கள் உதாரணம் அக்கா. தேனி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "மருதை, மருதை" என்று கூவியபோது, என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னீர்கள். இப்படிப்பட்ட சொற்களை நாம் பதினோரு வருஷம் சேர்த்த நோட்டில் முதல் பக்கமே அதுதான்.

பக்கத்தில் இருந்த ஆயா பாண்டியம்மாள், "ஏன் டீச்சர், இது நம்ம ஜாய்ஸ் டீச்சர் வகுப்புல சொன்னாகள்ல? இவுக தன்னோடதுங்குறாக!" என்றாள். வாயை மூடு என்று அவளை அதட்டினேன். பிறகு மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய் அவனுக்குச் சால்வை போர்த்தினேன். சிரித்தேன்கூட. போட்டோவில் இருக்கிறது.

நோட்டைக் கொடுத்தது நான்தான். நம் பள்ளியில் என் மகன் அருணின் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மேஜையில் இருக்கிறது, அந்த நோட்டை ஒருதரம் பார்க்கலாமா என்று போன வருஷம் தாளாளர் கேட்டார். மகனின் ஆராய்ச்சிக்குத்தான் என்று தெரியாத பச்சைப் பிள்ளையா நான்? உங்களிடம் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். அழாதே ஜெபா என்று நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

நோட்டில் ஏற்றுவதற்கு முன்னால் நீங்கள் கைப்பட எழுதிய தாள்கள் என் பீரோவில் இருந்தன. தேதியோடு இருக்கின்றன. இருபத்தாறு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினால் சாட்சிக்கு என் பெயரையும் போடுங்கள்.

அருணுக்கு நேற்று நிரந்தர ஆணை வந்தது. அவனுக்கு எதுவும் தெரியாது. நாளைக் காலை புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகப்போகிறான்.

உங்கள் ஜெபத்தில் அவனை நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா. என்னை வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெபமணி