படகில் சொன்னது

அன்பு ரெங்கு,

புத்தூரில் உன் அம்மா வீட்டில் சௌகரியமாக இருப்பாய்.

அந்தமான் போகும்முன் கே.கே. நகர் நீச்சல்குளத்தில், காற்று உருளையோடு நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழகிக்கொள்ளலாம் என்றாய். "காவிரியில நீந்தினவனுக்குக் குளத்துல பாடமா? அங்க போய் ரெண்டு நாள்ல கத்துக்கலாம்" என்று சிரித்தேன். அங்கே முதல் முறை இறங்கியதுமே பயந்துபோய் உன்னையும் பிடித்து மேலே இழுத்தேன். படகில் எல்லார் முன்னாலும், "இவ பயந்துட்டா" என்றேன். நீ மறுக்கவில்லை. ஊர் திரும்பியதும் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது ஞாயிறுதோறும் அந்தக் குளத்துக்குத்தான் போகிறேன். ஸ்கூபாவில் ஜோடியாகத்தான் இறங்க வேண்டுமாம். படிவத்தில் ஜோடியின் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"அந்தமான்ல இறங்கினதுமே மேல வந்துட்டோம்னீங்களே, யாருங்க பயந்தது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"நான்தாங்க" என்றேன். ஒரே சொல். அன்று படகில் அது வரவில்லை.

இப்படிக்கு,
உன் கையை விடாமல் இழுத்தவன்